முந்நூற்றுப் பன்னிரண்டாவது காசு

அந்தோனிதாசன் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். படிவத்தில் உண்மையை எழுதினார். டென்மார்க்கில் முப்பத்தொரு வருடம் இருந்தவர், அதில் பதினேழு வருடம் இக்காஸ்ட்டில் ஒரு துணித் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவர். படிவம் என்பது கேட்ட பெட்டிக்குள் கோடு போடும் இடம், உண்மையை எழுதும் இடம் அல்ல என்பதை அதற்குள் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. அதனால் அவருடைய மனைவி மேர்சி இன்றுவரை தன்பாட்டில் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன். ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இக்காஸ்ட்டிலிருந்து காரில் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் எனக்கும் ஒரு கடிதம் வரும், அதற்குப் பதில் எழுதி முடிக்கிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

மேர்சி மன்னாரில் பிறந்தவர். முதியோர் இல்லத்தில் இருபது வருடம் மற்றவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியவர். ஒரு மார்கழியில் பாரிசவாதம் வந்து அவரையே நாற்காலியில் இருத்திவிட்டது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு கொஞ்சம் குழறும். புத்தி மட்டும் முன்னையதைவிடக் கூர்மையாக இருந்தது, கேட்பவருக்குத்தான் கஷ்டம். வீட்டின் முன்வாசலில் மூன்று படிகள். பின்கதவைத் திறந்தால் நிலவறைக்குப் போகும் படிக்கட்டு. ஆஸ்பத்திரி நாட்களில் இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதை வெளியே போவது என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை.

கொமூன, அதாவது உள்ளூர் நிர்வாகம், ஐந்து மாதம் யோசித்து, வாசலுக்கு ஒரு கொங்கிறீற் சாய்பாதை போட அனுமதி தந்தது. வீட்டில் எல்லோரும் அதை டேனிஷில் சொல்வதுபோல் 'றம்ப' என்றார்கள். அந்தக் கடிதத்தை மேர்சி பிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னார்.

"றம்ப வந்தோண்ண எனக்கு முதல் வேலை, உந்த அப்பிள் மரத்துக்குக் கீழ போய்ப் பத்து நிமிசம் இருக்கிறது" என்றார். "ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில நிண்டு கதைக்கக் கூடாது."

அப்பிள் மரம் வாசலிலிருந்து எட்டு மீற்றர் தூரத்தில் நிற்கிறது. இந்தக் கதை முழுவதும் அந்த எட்டு மீற்றரைப் பற்றியதுதான்.

ஒரு சனிக்கிழமை அத்திவாரக் குழி தோண்டினார்கள். பிரதீபன் என்ற நண்பர் வாடகைக்கு ஒரு சின்ன மண்வாரி இயந்திரம் கொண்டுவந்தார். பழைய படிகளை உடைத்து அள்ளியாயிற்று. நம்மவர்களுக்கு அத்திவாரம் என்றால் மூலையில் ஒரு காசு வைக்க வேண்டும். கோயிலுக்கும் வைப்போம், வீட்டுக்கும் வைப்போம், கோழிக்கூட்டுக்கும் வைப்போம். மேர்சி தன் தகப்பன் கலியாணத்தன்று கையில் வைத்த காசை எடுத்துக் கொடுத்தார். 1942ஆம் ஆண்டு இலங்கை ஐம்பது சதம், ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட வெள்ளிக்காசு. சாமியார் வந்து செபம் சொல்ல, மேர்சி யன்னலில் இருந்தபடி இடக்கையால் அதைக் கொடுக்க, அந்தோனிதாசன் குழியின் மூலையில் வைத்து மண் போட்டார்.

திங்கட்கிழமை மூலை போதாது என்று பிரதீபன் இன்னும் ஒரு வாய் தோண்டினார். மண்ணுக்குள் ஒரு பானை உடைந்தது. பச்சை பிடித்த சின்னச் சின்னத் தகடுகள் சிதறின.

பிரதீபன் இறங்கி வந்து பார்த்தார். "அண்ணை, மூடிப்போட்டுக் கொங்கிறீற்றை ஊத்துவம்" என்றார்.

"சட்டமெண்டு ஒண்டு இருக்கடா தம்பி. அகதியா வந்த எங்களை வைச்சிருந்த நாடு."

"நாடு வைச்சிருக்கட்டும் அண்ணை. அக்கா வெளியில வரவேணுமெல்லோ."

இந்தக் கதையில் வருகிற ஒரே அறிவாளி பிரதீபன். மண்வாரிக்கு மணித்தியால வாடகை என்பதால் அவர் அதோடு போய்விட்டார்.

டென்மார்க்கில் மண்ணுக்குள்ளிருந்து வருகிற பழைய பொன்னும் வெள்ளியும் காசும் அரசுக்குச் சொந்தம். இடைக்காலத்தில் அவை ராசாவுக்குப் போயின, இப்போது அருங்காட்சியகத்துக்குப் போகின்றன. நடுவில் எத்தனையோ நூற்றாண்டு ஓடியிருக்கிறது, தோண்டியவனுக்கு மட்டும் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தோனிதாசன் காசுகளைக் கழுவாமல், தேய்த்துப் பார்க்காமல், ஒவ்வொன்றாக எண்ணி ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. இணையத்தில் படிவத்தைத் திறந்து, எண்ணிக்கை என்ற பெட்டியில் 311 என்று போட்டார். கீழே 'வேறு குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதினார்: "இன்னொன்று எங்களுடையது. சனிக்கிழமை அத்திவாரச் சடங்கில் நாங்கள் வைத்தது."

மேர்சியின் காசைப் பேசாமல் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தால் இரண்டு கிழமையில் எல்லாம் முடிந்திருக்கும். அவருக்கு அது தோன்றவில்லை. கூட்டத்திலிருந்து ஒன்றைக் களவாக எடுத்ததுபோல் ஆகிவிடுமே என்று பயந்தாராம்.

சாய்பாதைக்கு ஐந்து மாதம் எடுத்த நாட்டில், பானை ஓட்டுக்கு இரண்டு மணித்தியாலத்தில் ஆள் வந்தது. எங்கள் வட்டாரத்தில் கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என்று இரண்டு அருங்காட்சியகங்கள். கிழக்கு அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஹென்னிங் லுண்கோர் முழங்கால் வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து குழிக்குள் இறங்கினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"அந்தோனி, இது பதினாலாம் நூற்றாண்டு" என்றார். "நாட்டுக்கு எட்டு வருடம் ராசாவே இல்லாத காலம். யூட்லாந்து முழுவதையும் ஒரு பிரபுவிடம் அடகு வைத்திருந்தார்கள். இந்தக் காசுகளைப் பாருங்கள். வெள்ளி என்று பெயர், உள்ளே செம்பு. ஆள்பவன் மக்களை ஏமாற்றியதற்கு இதைவிட அழகான சாட்சி கிடையாது."

"சரி. எப்ப மூடலாம்?" என்று அந்தோனிதாசன் கேட்டார்.

"எதை?"

"கிடங்கை. என்ர மனிசி வெளியில வரவேணும்."

ஹென்னிங் அவர் தோளில் கை வைத்து, தானும் அதைத்தான் விரும்புவதாகச் சொன்னார். பிறகு குழியின் மேல் வெள்ளைக் கூடாரம் போட்டார்கள். வீட்டுக்காரர் போய்வர ஒரு பலகை, ஆள் ஒருவர் நடக்கும் அகலத்தில். சக்கர நாற்காலி அதில் ஏறாது.

மூன்றாம் நாள் மேற்கு அருங்காட்சியகத்தின் இயக்குநர் பிர்கிட்ட ஸ்கோவ் ஒரு பழைய வரைபடத்துடன் வந்து சேர்ந்தார். இடைக்காலக் கோவில்பற்று எல்லை அந்தோனிதாசனின் வாசலுக்கு நேர் குறுக்கே ஓடுகிறதாம். பானை கிழக்கில் சாய்ந்து கிடந்தாலும் குழி மேற்கில் தொடங்குகிறதாம். இரண்டு இயக்குநர்களும் வாசலில் நின்று மிகவும் மரியாதையாக ஒருவரையொருவர் வெறுத்தார்கள். முடிவில் ஒரு நீலக் கயிறு கட்டிக் குழியை இரண்டாகப் பிரித்தார்கள். காசுகள் கிழக்குக்கு, குழி மேற்குக்கு. கிழக்கின் சம்மதமில்லாமல் மேற்கு குழியை மூடக்கூடாது, மேற்கின் சம்மதமில்லாமல் கிழக்கு காசைக் காட்டக்கூடாது. கயிற்றின் ஒருமுனை வாசல் நிலையில் அடித்த ஆணியில் நின்றது. அந்த ஆணிக்கு அனுமதி கேட்டு யாரும் கடிதம் எழுதவில்லை.

யன்னலில் இருந்த மேர்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, உவை என்னத்தைப் பிரிக்கினம்?" என்றார்.

"கிடங்கை."

"ஒரு கிடங்கையோ?"

"ஓம்."

"எங்கட ஊரில காணிக்கெண்டாலும் அடிபடுவாங்கள்" என்றார் மேர்சி.

ஒரு மாதம் கழித்து அந்தோனிதாசன் கொமூனுக்கு எழுதினார். குழி மூடும்வரை மரத்தாலோ இரும்பாலோ ஒரு தற்காலிகச் சாய்பாதை தரமுடியுமா என்று கேட்டார். அவருடைய கோப்பைப் பார்க்கும் லீனெ என்ற பெண் மிகவும் அன்பானவர், கடிதத்தின் முடிவில் எப்போதும் நல்ல கிழமை அமையட்டும் என்று எழுதுவார். ஒருவருக்கு ஒரு சாய்பாதைதான் அனுமதி, உங்களுக்கு ஏற்கனவே ஒன்று அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. அனுமதிக்கப்பட்டது இன்னும் கட்டப்படவில்லையே என்றால், கட்டுவதைத் தடுப்பது அருங்காட்சியகம். அருங்காட்சியகத்தைக் கேட்டால், சாய்பாதை கொமூனின் விடயம். கிழக்கு மேற்கிடம் போகச் சொன்னது, மேற்கு கிழக்கிடம் போகச் சொன்னது. தை மாதம் பிறந்ததும் லீனெ இன்னொரு கடிதம் போட்டார். புது வருடத்திலிருந்து படிவம் மாறிவிட்டது, பழைய படிவத்தில் கொடுத்த விண்ணப்பங்கள் செல்லாது. அந்தோனிதாசன் புதிய படிவத்துடன் மூன்று இணைப்புகள் அனுப்பினார். இரண்டுக்கு மட்டும் பற்றுச்சீட்டு வந்தது.

மாசியில் அவரை ஒரு குழுவுக்கு முன்னால் அழைத்தார்கள். 312ஆவது காசைப் பற்றிய குழு. மொழிக்கு உதவியாக மகள் சுஜாந்தினியும் ஓகூஸ் நகரிலிருந்து ரயிலேறி வந்தாள். நீள மேசைக்குப் பின்னால் ஆறு பேர், இரண்டு இயக்குநர்களும் அதில் அடக்கம். மேசையில் தெர்மொஸில் கோப்பி, பிளாஸ்டிக் பையில் மேர்சியின் காசு.

"இதை நீங்கள்தான் வைத்தீர்கள் என்பதற்குப் பற்றுச்சீட்டு உண்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"கலியாணத்தண்டு மாமா தந்தது. கலியாணத்துக்கு ஆர் பற்றுச்சீட்டுக் குடுக்கிறது?" என்றார் அந்தோனிதாசன். சுஜாந்தினி அதில் பாதியை மட்டும் டேனிஷில் சொன்னாள்.

"சாட்சி?"

"சாமியார் நிண்டவர்."

"அவர் தொல்லியல் படித்தவரா?"

"இல்லை."

அது எழுதிக்கொள்ளப்பட்டது. பிறகு பிர்கிட்ட ஸ்கோவ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிக மெதுவாகக் கேட்டார்: "காசை மண்ணில் வைத்தபோது அதைத் திரும்ப எடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்ததா?"

"இல்லை. அத்திவாரத்துக்கு வைச்சதை ஆரும் எடுக்கிறதோ?"

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரும்ப எடுக்கும் எண்ணமில்லாமல் மண்ணில் இட்ட பொருள் கைவிடப்பட்ட பொருள். கைவிடப்பட்டதற்கு உரிமையாளர் இல்லை. உரிமையாளர் இல்லாதது அரசுக்கு. எடுக்கும் எண்ணம் இருந்தது என்று அவர் சொல்லியிருந்தால், படிவத்தில் சடங்கு என்று சொன்னது பொய்யாகியிருக்கும், அதற்கு வேறு குழு இருக்கிறது.

"அப்பா, அவங்கள் காசைத் தரமாட்டாங்களாம்" என்று சுஜாந்தினி தமிழிலேயே சொன்னாள். வழக்கமாகத் தகப்பனுக்கு டேனிஷில் பதில் சொல்லும் பிள்ளை, அன்று அந்த மொழியைத் தொட விரும்பவில்லை போலும்.

"காசை வைச்சிருக்கட்டும். றம்ப எப்பவாம் எண்டு கேள்."

கேட்டாள். அதற்கு வந்த பதில்தான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. மண்ணுக்குள் ஏறக்குறைய எழுநூறு வருடத்துக்கு முன்பு ஒருவன் காசு வைத்திருக்கிறான். அதே மூலையில் சென்ற வருடம் இன்னொருவர் செபத்தோடு காசு வைத்திருக்கிறார். ஆகவே அது வெறும் குழி அல்ல, உயிரோடு இருக்கும் சடங்குத்தலம். இப்படி ஒன்று வடக்கு ஐரோப்பாவில் வேறெங்கும் இல்லை என்றார் பிர்கிட்ட. அதை ஒருபோதும் மூடமுடியாது. முதல்முறையாகக் கிழக்கும் மேற்கும் ஒரே விடயத்தில் ஒத்துப்போய்க் கைகொடுத்துக்கொண்டன.

அந்தோனிதாசன் எழுந்து நின்றார். அவருக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, இரண்டில் எதையும் டேனிஷில் காட்டத் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

பங்குனியில் ஒரே நாளில் அவருக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று பத்திரிகை. அதில் ஹென்னிங் காசுகளைக் கையில் ஏந்தி நின்றார், விலைமதிக்க முடியாத தேசியப் புதையல் என்று தலைப்பு. மற்றது மதிப்பீட்டுக் கடிதம். காசுகளில் வெள்ளி நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாததால் கண்டெடுத்தவருக்கான வெகுமதி மிகச் சிறியதாக அமைகிறது, இதற்கு அக்காலத்து ஆட்சியாளர்களே பொறுப்பு என்று எழுதியிருந்தது. அடிக்குறிப்பில் ஒரு வரி: தொகுதியில் பாதிக்கு மேல் வெள்ளியுள்ள நாணயம் ஒன்றே ஒன்று, இலக்கம் 312.

மேர்சி அந்த வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "என்ர அப்பு எங்களை ஏமாத்தேல்லை" என்றார்.

சித்திரை முடிவில் ஒரு காலை வீட்டுக்கு முன்னால் பாரவண்டி வந்து நின்றது. நாலு பேர் இறங்கி அளந்தார்கள். ஒன்பதே நாளில் தெருவிலிருந்து வளவுக்குள் ஒரு சாய்பாதை எழும்பியது. அழகான இரும்பு, இரண்டு பக்கமும் கைபிடி, மழையில் வழுக்காத தரை. ஒரு இடத்தில்கூட மண்ணைத் தோண்டவில்லை, எல்லாம் கால்களில் நின்றது. தெருவில் தொடங்கி, அப்பிள் மரத்தைச் சுற்றி, குழியின் விளிம்பில் வந்து நின்றது. விளிம்பிலிருந்து வீட்டு வாசலுக்கு இரண்டு மீற்றர்.

அந்தோனிதாசன் வெறுங்காலோடு பலகையைத் தாண்டி ஓடினார். "உந்த ரண்டு மீற்றரையும் சேர்த்துப் போட்டால் என்ர மனிசி வரலாம்" என்று வேலையாட்களிடம் டேனிஷில் சொன்னார். அவர்கள் நல்ல மனிதர்கள். வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். அதில் வீடு இல்லை. குழி இருந்தது, மரம் இருந்தது, வீடு இருந்த இடத்தில் 'பின்னணி' என்று எழுதியிருந்தது.

அவர் ஹென்னிங்கை அழைத்தார். பொதுமக்கள் பார்க்கும் இடமென்றால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வழி இருக்க வேண்டும், இது சட்டம், இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை என்று ஹென்னிங் பெருமையோடு சொன்னார். உங்கள் மனைவி பொதுமக்களா என்று கேட்டார். வீட்டுக்குள் இருந்து வருவதால் இல்லை என்று தானே பதிலும் சொன்னார். குழிக்கு மேலால் பாதை போட்டால் சடங்குத்தலத்தில் நிழல் விழுமாம்.

வைகாசியில் திறப்பு விழா. மேயர் வந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடினார்கள், தொத்திறைச்சியும் பியரும் இருந்தன. அப்பிள் மரத்துக்குக் கீழே, பூ உதிர்ந்து கிடந்த புல்லில், முன்வரிசையில் ஒரு இடத்தைக் கதிரை போடாமல் வெறுமையாக விட்டு, 'மேர்சி' என்று அட்டை வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டுமென்று யாரோ கவனமாக யோசித்திருக்கிறார்கள்.

சுஜாந்தினி ஹென்னிங்கிடம் போய், அம்மா வரமுடியாது, வாசலில் குழி இருக்கிறது என்றாள். இரண்டு பேரை அனுப்பித் தூக்கிவரலாமே என்றார் அவர். சுஜாந்தினி யன்னலைப் பார்த்தாள். மேர்சி இடக்கையை அசைத்து வேண்டாம் என்றார்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னால என்னை மூட்டை மாதிரித் தூக்க வேண்டாம்" என்றார் யன்னலுக்குள்ளிருந்து. "என்ர வீட்டு வாசல் இது."

ஹென்னிங் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார்.

"நண்பர்களே, இந்தக் காசுகள் பேசுகின்றன" என்று தொடங்கினார். "அக்காலத்து ஆட்சியாளர்கள் மக்களிடம் நல்ல வெள்ளியை வாங்கிக்கொண்டு, வெள்ளி பூசிய செம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். புது வருடம் வந்ததும் பழையது செல்லாது என்றார்கள். மூன்றைக் கொண்டுவந்தால் இரண்டைத் தந்தார்கள். எளிய மனிதன் ஒரு பிரபுவிடம் முறையிட்டால், மற்றப் பிரபுவிடம் போ என்பார். எல்லைகளை அவர்கள் தங்கள் விருப்பத்துக்கு மற்றவன் வாசலில் வரைந்தார்கள். இன்று நாங்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதற்கு இந்தச் சாய்பாதையே சாட்சி. இந்தக் குழியைக் காண இனி எவருக்கும் தடையில்லை. மேர்சி மட்டும் இன்று எங்களோடு வந்திருக்க விரும்பவில்லை, அவருடைய தனிமையை நாங்கள் மதிக்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தோனிதாசனும் தட்டினார், கை தானாகத் தட்டிவிட்டது என்று பிறகு என்னிடம் வெட்கப்பட்டார். அவரை முன்னால் அழைத்து ஒரு சின்ன நீலப் பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே ஜோர்ஜ் மன்னர் தலையோடு ஒரு ஐம்பது சதம். 312ஆவது காசின் பிரதி, வெள்ளி முலாம் பூசியது, அருங்காட்சியகக் கடையில் விற்கப் போகிறார்களாம். அசலைவிடப் பளபளப்பு என்றார் பிர்கிட்ட. அசல் குழிக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் இருந்தது. கீழே எழுதியிருந்தது: 'தொகுதியின் மிகத் தூய நாணயம். உரிமையாளர் அறியப்படவில்லை.'

மேர்சி அந்தப் பிரதியை இடக்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். மூன்று கிழமையில் முலாம் தேய்ந்து மன்னரின் மூக்குச் சிவந்துவிட்டது.

ஆனி மாதத்தில் கொமூனிலிருந்து கடிதம் வந்தது. அந்தோனிதாசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யன்னலுக்குப் பக்கத்தில் மேர்சிக்கு ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார். உங்கள் முகவரியில் விதிமுறைப்படியான சாய்பாதை ஒன்று கட்டிமுடிக்கப்பட்டுள்ளதாக எங்கள் பதிவேட்டில் காண்கிறோம். ஆகவே உங்கள் விண்ணப்பம் நிறைவேறியதாகக் கருதிக் கோப்பை மூடுகிறோம். வெளியில் நடமாடும் சுதந்திரம் திரும்பக் கிடைத்ததையிட்டு மகிழ்கிறோம். நல்ல கோடைகாலம் அமையட்டும். அன்புடன், லீனெ.

வெளியே ஒரு டேனிஷ் முதியவர் மின்சார நாற்காலியில் சாய்பாதையால் ஏறி வந்து, குழியை எட்டிப் பார்த்தார். பிறகு மரத்துக்குக் கீழே போய்ச் சாவகாசமாக நின்றார். யன்னலில் மேர்சியைக் கண்டு கையசைத்தார். மேர்சியும் அசைத்தார்.

"அப்ப நான் வெளியில போய்ட்டன் எண்டு எழுதியிருக்கினம்" என்றார்.

"ஓம்."

மேர்சி கையிலிருந்த பிரதிக் காசை யன்னல் விளிம்பில் வைத்தார்.

"அந்த லீனெயிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். "அப்பிள் மரத்துக்குக் கீழ எனக்கு எப்பிடி இருந்ததாம் எண்டு."